பத்தாங் பெர்ஜுந்தையில் கப்பல் சாமான் கடை: "பெயர் தெரியாது" என்று எழுதி வைத்து விற்கிறவர்

முதலில் வாங்கியதைச் சொல்லிவிடுகிறேன், எல்லாமே உடைத்த கப்பல்களிலிருந்து கழற்றிய சாமான். ஆறடி நீள எவர்சில்வர் சமையல் மேசை ஒன்று, 680 வெள்ளி (ரிங்கிட்). மரத்தில் செய்த மடக்கு நாற்காலி இரண்டு, தலா 90 வெள்ளி. கனமான வெள்ளைச் சூப்புத் தட்டு ஒரு டஜன், மொத்தமாக 60 வெள்ளி. வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. அந்த மேசையில்தான் அம்மா தினமும் தேங்காய் துருவுகிறார், சப்பாத்தி தேய்க்கிறார், ஞாயிற்றுக்கிழமை கோழி வெட்டுவதும் அதில்தான். இதுவரை ஆட்டம் இல்லை, ஒரு புள்ளி துரு இல்லை. மேசையின் நான்கு ஓரமும் ஓர் அங்குலம் மேலே மடிந்து நிற்கும். "இது என்ன கைய இடிக்குது" என்று முதல் வாரம் அம்மா குறைபட்டார், அப்புறம் மாவு தரையில் கொட்டாமல் நிற்பதைப் பார்த்ததும் சமாதானமாகிவிட்டார். கடல் கொந்தளிக்கும்போது பாத்திரம் வழுக்கி விழாமல் இருக்க வைத்த ஓரம் அது.

சிலாங்கூரில் இருக்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர். கடை ஊருக்குள் இல்லை. பெரிய சாலையிலிருந்து செம்பனைத் தோட்டத்துக்குள் திரும்பும் மண் சாலையில் ஒரு கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். முன்பு ரப்பர் இருந்த காலத்தில் பால் நிறுத்த ஸ்டோராக இருந்த கட்டடம், தகரக் கூரை, பின்னால் பெரிய வெட்டவெளி. வெளியே போர்டு கிடையாது. வாசலில் ஆரஞ்சு நிற உயிர்காப்புப் படகு ஒன்று கவிழ்த்துப் போட்டிருக்கும், அதுதான் அடையாளம். கடல் தெரியாத, செம்பனை மட்டும் தெரிகிற இடத்தில் அந்தப் படகைப் பார்ப்பதே ஒரு மாதிரியாக இருந்தது எனக்கு. மழை நாளில் சின்னக் காடி எடுத்துப் போகாதீர்கள், சேற்றில் சக்கரம் புதையும்.

உள்ளே நுழைந்தால் ஒரு பக்கம் கட்டில்கள், மெத்தை இல்லாத வெறும் சட்டங்கள். இன்னொரு பக்கம் சமையலறைச் சாமான்கள்: மேசை, தொட்டி, அடுக்குத் தட்டு, ஆள் உயர ஐஸ் பெட்டி. நடுவில் சங்கிலி, கப்பி, கொக்கி, என் தொடை அளவு தடித்த கயிற்றுச் சுருள்கள். சுவரில் கடிகாரம், விளக்கு, வட்ட ஜன்னல், ஆபத்து நேரத்தில் எந்த வழியாக ஓட வேண்டும் என்று காட்டும் பச்சைப் பலகைகள். டீசலும் பழைய பெயிண்டும் கலந்த ஒரு வாசம் வேறு. கடைக்கார அண்ணனுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும், கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். வருடத்துக்கு இரண்டு மூன்று கண்டெய்னர் இந்தியாவிலிருந்து இறக்குகிறார். மகன் கணக்கு பார்க்கிறான்.

இந்தக் கடையைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்கு மேசை மட்டும் காரணம் இல்லை, அங்கே தொங்கும் அட்டைகள்தான். ஒவ்வொரு சாமானிலும் நூல் கட்டி ஓர் அட்டை. அதில் கையெழுத்தில் எந்த மாதிரிக் கப்பல், எங்கே உடைத்தது, எந்த வருடம், அப்புறம் கப்பல் பெயர். பெயர் இடத்தில் முக்கால்வாசி அட்டைகளில் "பெயர் தெரியாது" என்றுதான் எழுதியிருக்கிறது. என் மேசை அட்டையில் "பயணிகள் கப்பல், அலாங், 2021, பெயர் தெரியாது." அலாங் என்பது இந்தியாவில், குஜராத்தில் பழைய கப்பல்களை உடைக்கும் கரை. நாற்காலியில் "சரக்குக் கப்பல், அலாங், பெயர் தெரியாது." சாமானில் சின்னமோ பெயரோ அச்சாகி இருந்தால் மட்டும் பெயர் எழுதுகிறார். பெரிய பெயராக ஒன்றைச் சொன்னால் இரண்டு மடங்கு விலை கிடைக்கும், வாங்குகிறவனால் சரிபார்க்கவும் முடியாது. அப்படி இருந்தும் எழுத மாட்டேன் என்கிறார். இந்த வியாபாரத்தில் அது எவ்வளவு அபூர்வம் என்பது எனக்குச் சொந்த அனுபவத்தில் தெரியும், அதைக் கீழே சொல்கிறேன்.

கப்பல் மேல் எனக்கு ஆசை வந்தது 2005-ல். அப்போது கிள்ளானில் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் வேலை. அந்த ஆகஸ்ட் மாதம் ஜெர்மனியிலிருந்து இழுவைப் படகு கட்டி இழுத்துக்கொண்டு வந்த ஒரு பெரிய கப்பல் கிள்ளான் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டது. கருநீல உடம்பு, இறக்கை வைத்த இரண்டு புகைபோக்கிகள். பெயர் 'நார்வே'. அதன் முதல் பெயர் 'பிரான்ஸ்'. 1962-ல் முதல் பயணம் போனபோது உலகத்திலேயே நீளமான பயணிகள் கப்பல் அதுதான், 316 மீட்டர். குயின் மேரி 2 வரும் வரை, நாற்பது வருடத்துக்கு மேல், அந்த நீளத்தை எந்தப் பயணிகள் கப்பலும் தாண்டவில்லை. 2003 மே மாதம் மயாமியில் கொதிகலன் வெடித்து எட்டு ஊழியர்கள் இறந்து போனார்கள், அதோடு அதன் ஓட்டம் நின்றது. நான் படகில் போகும்போது தூரத்திலிருந்து இரண்டு முறை பார்த்தேன். விளக்கே இல்லை. அவ்வளவு பெரிய ஒன்று இருட்டாக நிற்பதைப் பார்த்தால் மனசுக்குள் ஏதோ செய்யும்.

ரிப்பேருக்கு வந்திருக்கிறது என்று துறைமுகத்தில் பேசிக்கொண்டார்கள். அடுத்த வருடம் கிளம்பியது. ரிப்பேருக்கு இல்லை, உடைக்கத்தான். உள்ளே இருக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) காரணமாக பங்களாதேஷ் அரசு வராதே என்று சொல்லிவிட்டது. 'புளூ லேடி' என்று பெயர் மாற்றி, கடைசியில் 2006 ஆகஸ்ட் 15 அன்று குஜராத்தில் அலாங் கரையில் ஏற்றினார்கள். அதை உடைக்கலாமா கூடாதா என்று இந்திய உச்ச நீதிமன்றம் வரை வழக்கு நடந்து, 2007 செப்டம்பரில்தான் அனுமதி கிடைத்தது. அடுத்த வருடம் முடிவதற்குள் கப்பலே இல்லை. கடைக்கார அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "நான் அப்ப பட்டறையில இருந்தேன் தம்பி, எங்க ஆளுங்க எல்லாரும் அந்த வேலை நமக்கு வரும்னு காத்துக்கிட்டு இருந்தோம்" என்றார். அன்றைக்கு வாங்குவதை விட்டுவிட்டு இருவரும் ஒரு மணி நேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

அலாங்கைப் பற்றி அவரிடம் கேட்டால் நிறுத்த மாட்டார், எனக்கும் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. பாவ்நகர் மாவட்டத்தில், காம்பாத் வளைகுடாவில் இருக்கிறது. அங்கே கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் மூன்று மாடி உயரம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பெரிய ஏற்றம் வரும்போது கப்பலை முழு வேகத்தில் கரையை நோக்கி ஓட்டுகிறார்கள், கேப்டன் வேண்டுமென்றே தரைதட்ட வைக்கிறார். தண்ணீர் வடிந்ததும் கப்பல் சேற்றில் நிற்கும். பிறகு கேஸ் கட்டரால் முன்பக்கத்திலிருந்து துண்டு துண்டாக அறுத்து, வின்ச் போட்டு மேலே இழுக்கிறார்கள். உலர்துறையும் கிரேனும் கட்டச் செலவே இல்லாமல் கடலே பாதி வேலையைச் செய்துவிடுகிறது, அந்தத் தொழில் அந்தக் கரையில் போய் உட்கார்ந்ததற்குக் காரணம் அதுதான். 1983 பிப்ரவரியில் அங்கே முதலில் ஏறிய கப்பலின் பெயர் 'கோத்தா தெஞ்சோங்'. நம் ஊர்க் கம்பத்துப் பெயர் மாதிரி இருக்கிறது, இல்லையா?

எண்ணெய்க் கப்பலையும் பயணிகள் கப்பலையும் அவர் பிரித்துச் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது. எண்ணெய்க் கப்பல் என்றால் அது முழுக்க இரும்பு. அத்தனை பெரிய உடம்பில் ஆள் இருப்பது முப்பது நாற்பது பேர்தான், அதனால் கட்டிலும் நாற்காலியும் கொஞ்சம், தகடும் குழாயும் மலை மாதிரி. அந்தத் தகடு உருக்கு ஆலைக்குப் போய் வீடு கட்டும் கம்பியாக மாறிவிடும். நம் கடைக்கு வருவது கயிறும் சங்கிலியும் பம்பு வால்வும் மட்டும். பயணிகள் கப்பல் அதற்கு நேர் எதிர். ஆயிரம் அறை, ஆயிரம் கட்டில், கண்ணாடி, தட்டு, கரண்டி, பியானோ. உடைக்கிறவனுக்குத் தொல்லை, ஏனென்றால் இரும்பைத் தொடுவதற்கு முன் இத்தனையையும் கழற்ற வேண்டும். ஆனால் கடைக்காரனுக்கு அதுதான் கொண்டாட்டம். கோவிட் நேரத்தில் சொகுசுக் கப்பல் கம்பெனிகள் திணறியபோது பல கப்பல்கள் அலாங்குக்கும் துருக்கியின் அலியாகாவுக்கும் போயின. 1965-ல் கட்டிய 'மார்க்கோ போலோ' 2021-ல் அலாங்கில் முடிந்தது. என் மேசைக்கும் அதே வருடம்தான் அட்டையில். "அதுவா இருக்குமா அண்ணே?" என்று கேட்டேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தெரியாதத நான் எப்படி எழுதுறது" என்றார்.

எண்ணெய்க் கப்பல் எவ்வளவு பெரிது என்று என் மகனுக்குச் சொல்ல நான் இரட்டைக் கோபுரத்தைத்தான் காட்டுகிறேன். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரம் 452 மீட்டர் உயரம். ஜப்பானில் கட்டி 1979-ல் முடித்த 'சீவைஸ் ஜயண்ட்' 458 மீட்டர் நீளம். கோபுரத்தைப் படுக்க வைத்தால்கூட கப்பல் ஆறு மீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கும். சுமை ஏற்றினால் 24 மீட்டருக்கு மேல் தண்ணீருக்குள் அமிழும், அதனால் சூயஸ் வழியாகவும் போக முடியாது, பனாமா வழியாகவும் போக முடியாது. 1988-ல் ஈரான் ஈராக் சண்டையில் ஈராக் விமானங்கள் குண்டு போட்டு எரித்தன, சிங்கப்பூரில் வைத்துப் பழுது பார்த்துத் திரும்ப ஓட வைத்தார்கள். பெயர் மாறி மாறி, 'நாக் நெவிஸ்' என்ற பெயரில் கத்தார் கடலில் எண்ணெய் தேக்கி வைக்கும் தொட்டியாக நின்று, கடைசிப் பயணத்துக்கு 'மோண்ட்' என்று சின்னதாக ஒரு பெயர் எழுதிக்கொண்டு 2009 டிசம்பரில் அலாங் வந்து சேர்ந்தது. 36 டன் நங்கூரம் ஒன்று மட்டும் ஹாங்காங் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மற்றதெல்லாம் இன்று யார் வீட்டுத் தூணுக்குள் கம்பியாக இருக்கிறதோ.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனசு வரவில்லை. இந்தச் சாமான்கள் மலிவாகக் கிடைப்பதற்கு ஓர் ஆளின் உடம்பு விலை கொடுத்திருக்கிறது. அலாங்கில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். எண்ணெய்த் தொட்டிக்குள் எண்ணெயே இல்லாவிட்டாலும் ஆவி நிற்கும். அதைக் கழுவி, காற்று விட்டு, சோதனை செய்து, ஆவி இல்லை என்று சான்று எழுதிய பிறகுதான் கட்டரைப் பற்ற வைக்க வேண்டும். அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதை 2016 நவம்பர் 1 அன்று பாகிஸ்தானின் கடானி கரையில் உலகம் பார்த்தது. 'ஏசஸ்' என்ற எண்ணெய்க் கப்பல் வெடித்துக் குறைந்தது 26 பேர் இறந்தார்கள். கப்பல் உடைப்புக்கான ஹாங்காங் ஒப்பந்தத்தை 2009-லேயே எழுதிவிட்டார்கள், அது நடைமுறைக்கு வந்தது 2025 ஜூன் 26-ல்தான். பதினாறு வருடம்! வீட்டைவிட்டு ஆயிரம் மைல் தள்ளிப் போய், லயத்து மாதிரி அறைகளில் அடைந்து கிடந்து வேலை செய்கிறவர்களைப் பற்றிக் கேட்டால் தோட்டத்தில் வளர்ந்த நமக்கு விளக்கம் தேவையில்லை.

கடைக்கார அண்ணனுக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கிறது. அதனால் சில சாமான்களை அவர் தொடுவதே இல்லை. முக்கியமாகக் கதவும் சுவர்ப் பலகையும். பழைய கப்பல்களில் தீ பரவாமல் இருக்க வைத்த பலகைகளுக்குள் கல்நார் இருக்கும், குழாய் சுற்றிய பஞ்சிலும் இருக்கும். புதிதாகக் கல்நார் வைப்பதற்குக் கப்பல்களில் தடை வந்தது 2002 ஜூலையில், அதிலும் விட்ட சில விலக்குகளை 2011-ல்தான் எடுத்தார்கள். ஆகவே பலகை அடைத்த கதவு எதுவானாலும் அவர் வாங்குவதில்லை, முழு மரக் கதவு மட்டும்தான். எனக்கு முன்னால் நின்ற ஒருவர் ஹோம்ஸ்டே கட்டுகிறாராம், கப்பல் அறைச் சுவரே வேண்டும், உள்ளே அப்படியே பொருத்தப் போகிறேன் என்று கெஞ்சினார். "அத அறுத்தா பறக்குற தூசி இருபது வருஷம் கழிச்சு உங்க நெஞ்ச வந்து பிடிக்கும் சார், என்கிட்ட கேக்காதீங்க" என்று அனுப்பிவிட்டார். உயிர்காப்புச் சட்டைகளை அலங்காரத்துக்கு மட்டும் விற்கிறார், பட்டையை வெட்டிவிட்டுத்தான் கொடுக்கிறார், யாரும் அதைப் போட்டுக்கொண்டு ஆற்றில் இறங்கிவிடக் கூடாது என்று.

மின்சாரச் சாமான் விஷயத்திலும் கவனம் தேவை. ரொட்டி சானாய் கடை வைத்திருக்கும் என் மாமா மகன் மாவு பிசையும் பெரிய இயந்திரத்தைப் பார்த்து ஆசைப்பட்டான். கப்பல் மின்சாரம் பெரும்பாலும் 440 வோல்ட், 60 சைக்கிள். நம் ஊரில் 50 சைக்கிள். அந்த மோட்டாரை இங்கே அப்படியே மாட்டினால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், சூடும் ஏறும், நாள் முழுக்க ஓட்டினால் புகைந்துவிடும். மோட்டாரை மாற்றப் பட்டறையில் என்ன கேட்பார்கள் என்று விசாரித்துவிட்டு வா, அப்புறம் விலை பேசலாம் என்றார். அவன் விசாரித்தான், கட்டுப்படியாகவில்லை, வாங்கவில்லை. விற்கக்கூடிய ஒரு சாமானை வார்த்தையால் தானே தடுத்துக்கொண்டார்.

இப்போது ரஜூலா கதை. மலேசியாவில் தமிழர் வீடு என்றால் ரஜூலா என்ற கப்பலில் வந்த ஒரு தாத்தாவோ பாட்டியோ இல்லாமல் இருக்காது. என் அம்மாவின் அப்பா அதில்தான் வந்தார். நாகப்பட்டினத்தில் ஏறி, டெக்கில் பாய் விரித்துப் படுத்து, பினாங்கு தாண்டி, அன்றைக்கு போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர் இருந்த கிள்ளான் துறைமுகத்தில் இறங்கியவர். 1926-ல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல் அது, தொடக்கத்தில் 5,000 டெக் பயணிகளுக்கு மேல் ஏற்ற அனுமதி இருந்ததாம். அதன் ஜோடிக் கப்பல் 'ரோனா' 1943 நவம்பரில் மத்தியதரைக் கடலில் ஜெர்மன் குண்டு பட்டு மூழ்கி, அதில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் இறந்தார்கள். ரஜூலா மட்டும் சண்டையையும் தாண்டி எழுபதுகள் வரை ஓடியது.

இரண்டு வருடத்துக்கு முன் ஆன்லைனில் ஒருவர் "ரஜூலா கப்பலின் அசல் பித்தளை ஜன்னல்" என்று படம் போட்டிருந்தார். அம்மாவின் எழுபதாவது பிறந்த நாளுக்கு 450 வெள்ளி கொடுத்து வாங்கினேன். அம்மா அதைச் சாமி மேடை பக்கத்தில் மாட்டி வைத்து, வருகிறவர்களிடம் எல்லாம் "எங்கப்பா இதுவழியாத்தான் கடல பார்த்திருப்பாரு" என்று சொல்வார். இந்தக் கடைக்கு முதல் முறை போனபோது அதை எடுத்துக்கொண்டு போய் அண்ணனிடம் காட்டினேன். கையில் வாங்கியதுமே அவர் முகம் மாறியது. மேசை டிராயரிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து வைத்தார், டக்கென்று ஒட்டிக்கொண்டது. பித்தளையில் காந்தம் ஒட்டாது. உள்ளே இரும்பு, மேலே முலாம். பிறகு கண்ணாடியின் தடிமனைக் காட்டினார், வீட்டு அலமாரிக் கண்ணாடி. கீலைக் காட்டினார். "இது கப்பலே ஏறினது இல்ல தம்பி" என்று மெதுவாகச் சொன்னார்.

அதோடு விட்டிருந்தால்கூட அவரை நல்ல வியாபாரி என்றுதான் சொல்லியிருப்பேன். சுவரில் ஆறேழு அசல் பித்தளை ஜன்னல்கள் தொங்குகின்றன. அதில் ஒன்றைக் காட்டி, இதுதான் ரஜூலாவுடையது என்று அந்த நேரத்தில் அவர் சொல்லியிருந்தால் எந்த விலையானாலும் கொடுத்திருப்பேன், என் மனநிலை அப்படி இருந்தது. அவர் சொன்னது வேறு. "ரஜூலா சாமான் என்கிட்ட இல்ல. அத 73-ல இந்தியாகாரன் வாங்கி 'ரங்கத்'னு பேரு மாத்தினான், மறு வருஷமே பம்பாயில உடைச்சிட்டாங்க. அலாங் தொடங்குறதுக்கு ஒம்பது வருஷம் முன்னாடி. எந்தச் சாமான் எங்க போச்சுன்னு அப்ப யாரு எழுதி வச்சா? இனிமே யாராவது ரஜூலான்னு சொல்லி வித்தா பேரு அடிச்ச சாமானா பாருங்க, இல்லன்னா நம்பாதீங்க."

இன்னொரு கப்பலைப் பற்றியும் கேட்டேன், எம்.வி. சிதம்பரம். பிரான்சில் 'பாஸ்டர்' என்ற பெயரில் கட்டிய கப்பல், ரஜூலாவுக்குப் பின் சென்னைக்கும் நம் பக்கத்துக்கும் ஓடியது. 1985 பிப்ரவரியில் கடலில் தீப்பிடித்துப் பலர் உயிர் விட்டார்கள், அதற்குப் பிறகு உடைக்க விற்றுவிட்டார்கள். நம்மவர்கள் மூட்டை முடிச்சோடு ஊருக்குக் கப்பலில் போய்வந்த காலமும் அதோடு முடிந்தது. என் சித்தப்பா அதில் ஒருமுறை போய் வந்து, சாப்பாட்டு ஹாலில் பார்த்த சினிமாவைப் பற்றிப் பல வருடம் பேசுவார். அந்தக் கப்பலில் இருந்தும் ஒன்றும் இல்லை என்றார். இல்லை என்பதை இவ்வளவு பொறுமையாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

கோயில் கமிட்டிக்காரர்கள் கப்பல் மணி கேட்டு வருகிறார்களாம். பெயர் பொறித்த மணி கடைக்கு வருவது மிகவும் அபூர்வம், சேகரிக்கிறவர்கள் அலாங்கிலேயே தூக்கிவிடுகிறார்கள். மணி என்றதும் எனக்கு நியூசிலாந்து ஞாபகம் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு அவிக்கும் பாத்திரமாக வைத்திருந்த ஒரு வெண்கல மணியை வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் கண்டெடுத்தார். அதில் இருந்தது தமிழ் எழுத்து. முகைதீன் பக்ஸ் என்கிற கப்பலின் மணி என்று எழுதியிருக்கிறது, இப்போது வெலிங்டனில் உள்ள தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அண்ணனுக்கு இது தெரியாது. போனில் படத்தைத் தேடிக் காட்டினேன், எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்துவிட்டு மகனைக் கூப்பிட்டுக் காட்டினார்.

இன்னொன்றும் அவர் வாங்குவதில்லை, கடலுக்கடியில் இருந்து வருகிற சாமான். 1941 டிசம்பர் 10 அன்று குவாந்தானுக்கு வெளியே ஜப்பான்காரன் மூழ்கடித்த பிரின்ஸ் ஆப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களோடு 842 பேர் போனார்கள். அந்தக் கப்பல்களைத் தோண்டி இரும்பு எடுத்ததாகச் சந்தேகப்பட்டு 2023 மே மாதம் ஜொகூர் கடலில் ஒரு சீனக் கப்பலை நம் கடலோரக் காவல் படை பிடித்த செய்தியைப் பலர் படித்திருப்பீர்கள். அந்தச் சமயத்தில் யாரோ இவரிடம் பச்சை பிடித்த பித்தளைக் குழாய்களை லோரியில் கொண்டு வந்து காட்டினார்களாம். எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்குப் பதில் சரியில்லை, திருப்பி அனுப்பிவிட்டார். அலாங்கில் உடைப்பது ஆள் இறங்கிப் போன கப்பல், அது வேறு என்றார்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். இவ்வளவு எழுதும் அட்டையில் விலையை மட்டும் எழுத மாட்டார். ஒவ்வொன்றையும் கேட்க வேண்டும், கேட்டால் யோசித்துச் சொல்வார், அது எனக்குப் பிடிக்கவில்லை. என் பக்கத்து வீட்டுக்காரர் அதே மாதிரி நாற்காலியை 80 வெள்ளிக்கு வாங்கியிருக்கிறார். நேரில் சொன்னேன், அடுத்த கண்டெய்னரிலிருந்து எழுதுகிறேன் என்றார், பார்ப்போம். மேசையைச் சனிக்கிழமை கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒன்பது நாள் கழித்துத்தான் லோரி வந்தது. ஒரு போன் இல்லை. நான் இரண்டு நாள் லீவு போட்டுக் காத்திருந்தேன். மேசைக் கால்கள் கப்பல் தரையோடு வெல்டிங் செய்தவை, அறுத்த இடத்தைச் சரியாகத் தேய்க்காமல் கொடுத்துவிட்டார், முதல் நாளே மகனின் கால் விரல் கிழிந்து இரத்தம் வந்தது. கூப்பிட்டுச் சொன்ன அன்று மாலையே கிரைண்டரோடு வீட்டுக்கு வந்தார், நான்கு காலையும் தேய்த்து ரப்பர் குமிழ் போட்டார், மகனிடம் மன்னிப்பும் கேட்டார். அது சரி, ஆனால் கடையிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் வாங்கும்போதே எல்லா ஓரத்தையும் கையால் தடவிப் பாருங்கள்.

கயிறு வாங்க நினைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எண்ணெய்க் கப்பலைத் துறையில் கட்டும் கயிறு பார்க்க உறுதியாக இருக்கும், ஆனால் வெயிலில் கிடந்து உள்ளே நைந்திருக்கலாம். முறுக்கைப் பிரித்து உள் இழையைப் பாருங்கள், தூள் உதிர்ந்தால் விட்டுவிடுங்கள். மாடு கட்ட, பந்தல் இழுக்கப் போதும், காடி இழுக்க எடுக்காதீர்கள். கட்டில் சட்டம் நல்ல மலிவு, ஆனால் கப்பல் கட்டில் அகலம் குறைவு, நம் கடை மெத்தை உட்காராது. தட்டுகளை எடுத்தால் ஏமாற்றம் இருக்காது. பணம் ரொக்கம் அல்லது கியூஆர், கார்டு கிடையாது. ஞாயிறு மூடல், வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் மூடல். சனி காலை ஒன்பதுக்குப் போனால் பேச அவருக்கு நேரம் இருக்கும்.

போன மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஜன்னல் போலி என்று அம்மாவிடம் சொல்ல எனக்கு மூன்று மாதம் பிடித்தது. ஒன்றும் பேசாமல் கேட்டுவிட்டு, மறுநாள் பரணிலிருந்து தாத்தாவின் டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னார். பச்சைப் பெயிண்ட் போன தகரப் பெட்டி, பூட்டுக் கொண்டி என்றைக்கோ உடைந்து கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தோம். அதைத்தான் காடியில் ஏற்றிக்கொண்டு போனோம். அண்ணன் அதைக் கீழே வைக்க விடாமல் மேசை மேல் துணி விரித்து வைத்தார், சுற்றிச் சுற்றிப் பார்த்தார், "அம்மா, இது அந்தக் கப்பல்ல வந்ததா?" என்றார். "எங்கப்பா தலைமாட்டுல வச்சிப் படுத்திருந்தாராம், யாரும் எடுத்துறக் கூடாதுன்னு" என்றார் அம்மா.

அரை மணி நேரம் ஒரு தகர டப்பாவைக் கிளறி, ஏதோ ஒரு சரக்குக் கப்பலின் பீரோவில் இருந்த பித்தளைக் கொண்டி ஒன்றைக் கண்டுபிடித்தார், துளை சரியாகப் பொருந்தியது. மகன் ரிவெட் அடித்தான். காசு வேண்டாம் என்றார். பழக்கம் விடவில்லை போல, கொண்டியிலும் ஓர் அட்டையைக் கட்டிக் கொடுத்தார்: "சரக்குக் கப்பல், அலாங், பெயர் தெரியாது." அம்மா அதை அவிழ்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அப்படியே பெட்டியில் தொங்குகிறது.